வெறும் தகவல்

நம் வட்டாரத்தில் ஒரு எழுத்தைத் தீர்த்துக்கட்டப் பெரிய விமர்சனக் கட்டுரை எதுவும் எழுத வேண்டியதில்லை. 'பத்திரிகைத்தனம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். சொன்னவர் ரசிகர் ஆகிவிடுவார்; சொல்லப்பட்டது குப்பைக்கூடைக்குப் போய்விடும். இந்த வார்த்தைக்கு ஒரு நியாயமான பூர்வீகம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. லட்சக்கணக்கில் விற்ற வாரப் பத்திரிகைகள் தொடர்கதையும் துணுக்கும் ஜோக்கும் போட்டு வாசகனை மழுங்கடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஐந்நூறு பிரதி அச்சடித்து அதில் பாதியை இனாமாக அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தேடிக்கொண்ட ஆயுதம் அது. அன்றைக்கு அது தேவையாயிருந்தது. ஆனால் ஆயுதம் கைக்குப் பழகிவிட்டால் எதிரி இல்லாத இடத்திலும் வீசத் தோன்றும். இப்போது அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

திருநீர்மலை அடிவாரத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடிப் பேசுகிறோம். (மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் தலைக்குமேல் கடக்கும்போது பேச்சை நிறுத்திக் காத்திருப்பது இந்தக் கூட்டங்களின் ஒரு சடங்கு. அந்த இடைவெளியில்தான் பலருக்கு நல்ல பதில் தோன்றுகிறது.) அங்கே ஒரு இளைஞர், செம்மணிப் புதைகுழி பற்றி 1998-லிருந்து வந்த செய்திகளை வருஷவாரியாகத் தொகுத்துக் கொண்டுவந்து படித்தார். முக்கால் மணி நேரம் படித்தார். முடித்ததும் எங்களில் மூத்த கவிஞர் ஒருவர் — பெயர் வேண்டாம், இந்தப் பக்கங்களைப் படிக்கிற எல்லோருக்கும் அவரைத் தெரியும் — இதெல்லாம் வெறும் தகவல், பத்திரிகைத்தனம், யுத்தத்தைப் பற்றி எழுதினதில் எது நிற்குமென்றால் கவிதைதான் நிற்கும் என்று சொல்லிவிட்டு டீ டம்ளரை எடுத்துக்கொண்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த இளைஞர் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இந்தக் கட்டுரை அந்த மௌனத்துக்கு எதிரானது.

'நிற்கும்' என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நாலு கோலத்தில் சேவை சாதிக்கிற ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு, நண்பர் 'நிற்பது' ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். சில எழுத்துகள் நிற்பதில்லை, கிடக்கும். கோர்ட் ரிக்கார்டில், அமைப்புகளின் அறிக்கையில், பழைய பேப்பர் கட்டில் வருஷக்கணக்காகக் கிடக்கும். பிறகு ஒருநாள் எழுந்து நடக்கும். செம்மணி விஷயம் அப்படிப்பட்டது.

தெரிந்த கதைதான், ஆனால் எங்கள் மாடியில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கவில்லை, அதனால் சொல்கிறேன். 1996 செப்டம்பர் 7. யாழ்ப்பாணம் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி, வயது 18, உயர்தரப் பரீட்சையில் ரசாயனத் தாள் எழுதிவிட்டு சைக்கிளில் வீடு திரும்பும்போது செம்மணி ராணுவச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டார். தேடிக்கொண்டு போன தாயும் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் திரும்பவில்லை. நாலு பேரும் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த வருஷம் யாழ்ப்பாணத்தில் ராணுவம் பிடித்துக்கொண்டுபோய்க் காணாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். ஆம்னஸ்டி சுமார் 600 என்று கணக்குச் சொன்னது. மற்றவர்கள் கணக்கில் மட்டும் இருந்தார்கள். கிருஷாந்தி விஷயத்தில் மட்டும் கொழும்பில் வழக்கு நடந்தது. 1998 ஜூலையில் தீர்ப்பு வந்தது. மரண தண்டனை பெற்றவர்களில் ஒருவரான லான்ஸ் கார்ப்பொரல் சோமரத்ன ராஜபக்ச, தீர்ப்பு வேளையில் கோர்ட்டில் வாயைத் திறந்தார். செம்மணியில் புதைக்கப்பட்டவர்கள் இந்த நாலு பேர் மட்டுமல்ல, முன்னூறு நானூறு பேர் அங்கே கிடக்கிறார்கள், இடத்தைக் காட்டுகிறேன் என்றார்.

அடுத்த வருஷம் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்த் தோண்டினார்கள். கிடைத்தது 15 எலும்புக்கூடு. அவற்றில் இரண்டு, 1996-இல் காணாமல் போன கராஜ் தொழிலாளிகளுடையவை என்று அடையாளம் காணப்பட்டது. முன்னூறு என்றான், பதினைந்துதானே காட்டினான், ஆகவே மீதியெல்லாம் தூக்குக்குப் பயந்தவனின் புளுகு என்று சொல்லச் சௌகரியமாகப் போயிற்று. சொன்னார்கள். விஷயம் அடங்கியது.

பிறகு 2025 பிப்ரவரி. அதே செம்மணி வட்டாரத்தில், சித்துப்பாத்தி மயானத்தில், கட்டட வேலைக்காகக் குழி வெட்டியவர்களுக்கு எலும்பு தட்டுப்பட்டது. கோர்ட் உத்தரவின் பேரில் தொல்லியல் அறிஞர் ராஜ் சோமதேவ தலைமையில் அகழ்ந்தார்கள். ஆழமில்லாத குழிகளில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தவை செப்டம்பருக்குள் இருநூறைத் தாண்டின. குழந்தைகளின் எலும்புக்கூடுகளும் இருந்தன. நீல நிறப் புத்தகப்பை ஒன்று, ஒரு பொம்மை, பால்போத்தல், வளையல்கள். இவை யாருடையவை, எந்த வருஷத்தவை, எப்படி அங்கே வந்தன என்பதை நிபுணர்களும் கோர்ட்டும்தான் தீர்மானமாகச் சொல்ல வேண்டும். மொட்டைமாடியிலிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்ல முடியும். எலும்பு தட்டுப்பட்டதும் அது ஏதோ பழைய மயானத்து எலும்பு என்று மூடிவிட்டுக் கான்கிரீட் போடாமல், கோர்ட்டுக்குச் சொல்லவேண்டும் என்று யாருக்கோ தோன்றியதே, அது எதனால்? செம்மணி என்கிற பெயர் 27 வருஷமாக ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டிருந்ததனால். அந்த வாக்கியம் கவிதை அல்ல. தண்டனை பெற்ற ஒரு சிப்பாய் கூண்டில் நின்று சொன்னது. அதைக் கேட்டு நிருபர்கள் எழுதிக்கொண்டது. அமைப்புகள் ஒவ்வொரு அறிக்கையிலும் அலுப்பூட்டும்படி திரும்பத் திரும்ப அச்சடித்தது. அந்த அலுப்புத்தான் அதை உயிரோடு வைத்திருந்தது. ஐ.நா. மனித உரிமை ஆணையர் வோல்கர் டுர்க் 2025 ஜூனில் அந்தக் குழிக்கருகே வந்து நின்றார் என்றால் அவரை அங்கே கூட்டிவந்தது எந்தப் படிமமும் அல்ல.

இங்கே நம் இலக்கிய மனம் ஒரு ஆட்சேபம் எழுப்பும் என்று தெரியும். சோமரத்ன ராஜபக்ச யார்? கொலைகாரன். அந்தக் குற்றத்துக்காகவே தண்டிக்கப்பட்டவன். அவன் வாயிலிருந்து வருவதை சத்தியம் என்று கொண்டாடுவதா? நமக்கு சாட்சி என்றால் தூய சாட்சி வேண்டும். காந்தி மாதிரி, கைசுத்தமாக. எனக்கு இந்தத் தூய்மைப் பைத்தியத்தில் நம்பிக்கை இல்லை. யுத்தத்தின் உள்ளறையில் நடந்ததைச் சொல்லக்கூடியவன் உள்ளறையில் இருந்தவன்தான். வெளியே கைசுத்தமாக நின்றவனுக்கு என்ன தெரியும்? டேனியல் எல்ஸ்பெர்க் 1971-இல் வியட்நாம் யுத்தத்தின் ரகசிய ஏடுகளை, சுமார் 7,000 பக்கம், வெளியே கொண்டுவந்தார். அவர் யார்? அந்த யுத்தத்துக்குத் திட்டம் தீட்டிக் கொடுத்தவர்களில் ஒருவர். பெண்டகனில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். 2023-இல் இறக்கும்வரை அவர் தன்னைத் தூயவர் என்று சொல்லிக்கொண்டதில்லை. மை லாய் கிராமத்தில் 1968 மார்ச்சில் நடந்த படுகொலையை அமெரிக்காவுக்குச் சொன்ன ரான் ரைடனவர் அந்த இடத்தில் இருந்தவர்கூட அல்ல. கூட இருந்த சிப்பாய்கள் பேசியதைக் கேட்டவர். கேட்டதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் ஒரு வருஷம் கழித்து கடிதம் எழுதி ஜனாதிபதி முதல் காங்கிரஸ் அங்கத்தினர்கள் வரை அனுப்பினார். அதற்குப் பிறகு 1969 நவம்பரில் ஸீமர் ஹெர்ஷ் எழுதினார். அந்தக் கடிதத்தில் ஒரு உவமை கிடையாது. யார் சொன்னார், எந்தப் படைப்பிரிவு, எப்போது சொன்னார் என்பதுதான் இருக்கும். நண்பரின் அளவுகோலில் அது வெறும் தகவல்.

வெறும் தகவல் என்பது என்ன என்று ஒரு எண்ணை வைத்துப் பார்ப்போம். 7,721. வன்னியில் 2008 ஆகஸ்டிலிருந்து 2009 மே 13 வரை கொல்லப்பட்ட சிவிலியன்கள் என்று கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலகம் தனக்குள் எண்ணி வைத்திருந்த கணக்கு இது. காயம்பட்டவர்கள் 18,479. பார்த்துப் பார்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட தகவல் வழியில் உறுதியானால் மட்டும் சேர்த்து, குறைத்தே எண்ணப்பட்ட கணக்கு. இதை அவர்கள் அன்று பகிரங்கமாக வெளியிடவில்லை. ஷெல் விழுந்துகொண்டிருந்தபோது உலகத்துக்குச் சொல்லியிருக்க வேண்டிய எண், அலமாரிக்குள் இருந்தது. 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு, இறந்தவர்கள் நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்றது. 2012 நவம்பரில் சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான உள்விசாரணை, ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று ஐ.நா.வின் காகிதத்திலேயே எழுதியது. ஒரு எண்ணைச் சொல்லாமல் இருப்பதற்கு இவ்வளவு பெரிய ஸ்தாபனம் இவ்வளவு பாடுபடுகிறது. தகவல் 'வெறும்' தகவலாக இருந்தால் எதற்காக இந்தப் பாடு?

அந்த எண்களில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது? புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடங்களையும் கொட்டகைகளையும் ஆஸ்பத்திரி ஆக்கிக்கொண்டு, மயக்கமருந்து தீர்ந்தும் அறுவை செய்துகொண்டிருந்த அரசாங்க டாக்டர்களிடமிருந்து. அவர்கள் அரசாங்கச் சம்பளக்காரர்கள். சாடலைட் தொலைபேசியில் வெளியுலகத்தைக் கூப்பிட்டு இன்று இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் செத்தார்கள் என்று சொன்னார்கள். தமிழோசையில் அந்தக் குரல்களைக் கேட்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். சாவுக் கணக்கைச் சந்தைக் கணக்கு மாதிரி ஏற்றஇறக்கமில்லாமல் சொன்ன குரல்கள். மே மாதம் அவர்கள் பிடிபட்டார்கள். ஜூலை 8-ஆம் தேதி, காவலில் இருந்தபடியே, நிருபர்கள் முன்னால் உட்காரவைக்கப்பட்டு ஐந்து டாக்டர்களும் தாங்கள் சொன்னது மிகை, புலிகள் சொல்லச் சொன்னது என்றார்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஒரு கவிஞன் தன் கவிதையை மறுத்துச் சொன்னால் கவிதைக்குக் காயம் ஒன்றும் இல்லை. ஆனால் சாட்சி தன் சாட்சியத்தை மறுத்தால் சாட்சியம் செத்துவிடும் என்றுதான் அன்று கொழும்பில் எதிர்பார்த்தார்கள். அது நடக்கவில்லை. மறுப்பே இன்னொரு சாட்சியம் ஆயிற்று. காவலில் இருக்கிறவர்கள், எழுந்து போகமுடியாத நாற்காலியில், சொன்னதைத் தின்கிறார்கள் என்பதைப் பார்த்தவர்கள், முன்பு அவர்கள் சொன்னதை இன்னும் நிச்சயமாக நம்பினார்கள். தொலைபேசியில் சொன்னது ஏற்கனவே எங்கெங்கோ தேதியிட்டு எழுதப்பட்டிருந்தது. அதைத் திரும்ப வாங்க முடியாது. அச்சேறிய தகவலின் பிடிவாதம் இதுதான்.

இதற்குள் சிலர் சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பார்கள். சிங்கள ராணுவம், ஐ.நா.வின் துரோகம் என்றால் நம் எல்லோருக்கும் சம்மதம். சரி, அடுத்ததற்கு வருகிறேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் நாலு பேர், ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன், ராஜினி திராணகம, ஒரு புத்தகம் எழுதினார்கள். 'முறிந்த பனை'. அரசாங்கம் செய்ததையும், இந்திய ராணுவம் செய்ததையும், புலிகளும் மற்ற இயக்கங்களும் செய்ததையும் ஒரே மேஜையில், ஒரே விளக்கு வெளிச்சத்தில் வைத்த புத்தகம். அதில் ராஜினி உடற்கூற்றியல் பேராசிரியை. 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுடப்பட்டார். சுட்டது புலிகள் என்று அவருடைய சகாக்கள் எழுதினார்கள். மற்றவர்கள் தலைமறைவாக இருந்தபடியே 'மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்)' என்ற பெயரில் இரண்டு தசாப்தத்துக்கு மேல் அறிக்கை எழுதினார்கள். இன்ன கிராமம், இன்ன நேரம், இன்ன வழியில் வந்தார்கள், பெயர் இன்னது. 2009-இல் ராணுவத்தின் ஷெல்லையும் எழுதினார்கள்; தப்பி ஓட முயன்ற சொந்த ஜனங்களைப் புலிகள் சுட்டதையும் எழுதினார்கள். தமிழ்நாட்டில் எத்தனை பேர் படித்தோம்? 'சேனல் 4' 2011-இல் காட்டிய படத்தைத் திருமண மண்டபங்களில் திரைகட்டிப் பார்த்த நாம், அதே சாவுகளைப் பற்றி நம்மவர்களையும் சேர்த்துக் குற்றம் சாட்டிய இந்த அறிக்கைகளைத் துரோகிகளின் எழுத்து என்று ஒதுக்கினோம். அல்லது, இன்னும் நாசூக்காக, 'இலக்கியமல்ல' என்று ஒதுக்கினோம். பத்திரிகைத்தனம் என்ற வசை இங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். அரசியல் கோழைத்தனத்துக்கு ரசனையின் சட்டையைப் போட்டுவிடுகிறது. எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி இதன்மேல்தான்.

இன்னொன்று. இந்திய அமைதிப்படை என்று போன நம் ராணுவம், யாழ்ப்பாணத்தில் 1987 அக்டோபர் 10 அன்று யுத்தத்தை எதைக்கொண்டு ஆரம்பித்தது? 'ஈழமுரசு', 'முரசொலி' என்ற இரண்டு யாழ்ப்பாணப் பத்திரிகைகளின் அச்சகங்களை வெடிவைத்துத் தகர்த்து. பதினொரு நாள் கழித்து, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளுமாக அறுபதுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது. அது எப்படி நடந்தது என்று நமக்குத் தெரிவது, பிணங்களுக்கு நடுவே செத்தவர் போலக் கிடந்து பிழைத்தவர்கள் சொன்னதை 'முறிந்த பனை'க்காரர்கள் எழுதி வைத்ததனால். எந்தத் தமிழ்நாட்டுக் கவிஞர் அதை எழுதினார்? ராணுவத்துக்குத் தெரிந்திருந்தது, எதை முதலில் உடைக்க வேண்டும் என்று. யாழ்ப்பாணத்து நூலகத்தை 1981-இல் கொளுத்தியவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதே நாட்களில் 'ஈழநாடு' அலுவலகத்தையும் சேர்த்தே கொளுத்தினார்கள். அவர்களுக்கெல்லாம் இருந்த இலக்கிய விமர்சன ஞானம் எங்கள் மாடியில் இல்லை.

திருநீர்மலையிலிருந்து தாம்பரம் விமானப்படைத் தளம் எட்டுகிற தூரம்தான். 2012 ஜூலையில் அங்கே இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேர் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள் என்ற செய்தி வெளியே வந்தது. ஒரு சிறு செய்தி. முதலமைச்சர் ஜெயலலிதா கண்டித்தார், கட்சிகள் கிளம்பின, அவர்களை பெங்களூர் எலகங்காவுக்கு மாற்றினார்கள். பயிற்சி நிற்கவில்லை, இடம்தான் மாறியது என்பது உண்மை. ஆனால் தினமும் அந்தச் சுவரைத் தாண்டிப் போகிற லட்சம் பேருக்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளாவது தெரிந்தது. நாங்கள் இதே வட்டாரத்தில் உட்கார்ந்து அந்த வருஷம் முழுக்க ஈழக் கவிதைகளின் படிமங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

கவிதைக்கு விரோதமாகப் பேசுகிறேன் என்று யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். நான் கேட்பது வேறு. 2009-க்குப் பிறகு தமிழ்நாட்டில் முள்ளிவாய்க்காலைப் பற்றி வந்த கவிதைகளை அடுக்கிவைத்துப் பாருங்கள். ரத்தம், கடல், பனை, மண், தாய். எந்தக் கடல்? எந்த மண்? பொக்கணையா, வலைஞர்மடமா, இரட்டைவாய்க்காலா? எந்தத் தேதி? இந்தக் கவிதைகளில் ஊர்ப்பெயரை மாற்றிவிட்டால் உலகத்தில் எந்த யுத்தத்துக்கும் பொருந்தும். மாற்றுவதற்கும் பெரும்பாலும் ஊர்ப்பெயர் இல்லை. இந்தப் பொதுமையைத்தான் நாம் 'கலையின் சர்வதேசத்தன்மை' என்று மெச்சிக்கொள்கிறோம். எனக்கு இது, விவரம் தெரிந்துகொள்ளச் சோம்பல்பட்டவர்களின் பொதுமையாகத் தெரிகிறது. 2009 ஜனவரி 29 அன்று சென்னை சாஸ்திரி பவன் முன்னால் தீக்குளித்த முத்துக்குமாரைப் பற்றி எத்தனை கவிதைகள். அவர் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தவர். பல பக்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதி, அச்சிட்டு, கொண்டுவந்து விநியோகித்துவிட்டுத்தான் தீ வைத்துக்கொண்டார். நெருப்பைப் பாடிய நம் கவிஞர்களில் அந்த அறிக்கையை முழுக்கப் படித்தவர் எத்தனை பேர்? தன்னைக் கொளுத்திக்கொண்டதை நான் எந்த விதத்திலும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அவர் நம்மிடம் கொடுத்தது காகிதம். நாம் எடுத்துக்கொண்டது சுடரை.

மாறாக ஒரு உதாரணம் சொல்கிறேன். 1985-இல் வந்த 'புதியதோர் உலகம்'. கோவிந்தன் என்ற பெயரில் எழுதியவர் புளொட் இயக்கத்தில் இருந்து வெளியேறியவர். தமிழ்நாட்டு மண்ணில், தஞ்சாவூர்ப் பக்கத்து முகாம்களில், விடுதலைக்கென்று வந்த பையன்களை இயக்கமே சித்திரவதை செய்து கொன்று புதைத்ததை நாவலாக எழுதினார். நாவல் என்று பெயரே தவிர அது அபாயச் சங்கு. கலையமைதி போதாது, பிரசாரம் மிகுதி என்று இங்கே ஒரு குரல் எப்போதும் உண்டு. போதாதுதான்; அவசரத்தில், ஒளிந்திருந்து எழுதியது. ஆனால் அந்த முகாம்களைப் பற்றி யார் எழுதினாலும் இன்றுவரை அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. கோவிந்தன் பின்னால் யாழ்ப்பாணத்தில் புலிகளால் பிடிக்கப்பட்டார், திரும்பவில்லை. ஒரு இயக்கத்தின் உள்ளறையைத் திறந்தவரை இன்னொரு இயக்கம் கொண்டுபோயிற்று. நாம் 'கலையமைதி' பேசிக்கொண்டிருந்தோம்.

எழுதி என்ன ஆயிற்று என்ற கேள்வி ஒன்று உண்டு. அதை மட்டும் நான் மதிக்கிறேன். லசந்த விக்ரமதுங்க 'சண்டே லீடர்' பத்திரிகையில் மிக் விமானம் வாங்கியதில் நடந்த ஊழலை எழுதினார். 2009 ஜனவரி 8 அன்று பட்டப்பகலில் கொல்லப்பட்டார். தன்னை அரசாங்கமே கொல்லும் என்று அவர் எழுதி வைத்திருந்த தலையங்கம் மூன்று நாள் கழித்து அச்சில் வந்தது. கொன்றவர்கள் இன்னும் தண்டிக்கப்படவில்லை. நிமலராஜன், 2000 அக்டோபர் 19, யாழ்ப்பாணம், ஊரடங்கு நேரத்தில், ராணுவக் காவல் சூழ்ந்த பகுதியில் தன் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தவர். சிவராம், 2005 ஏப்ரல், கொழும்பு. 'உதயன்' அலுவலகம், 2006 மே 2, இரண்டு ஊழியர்கள். திஸ்ஸநாயகம், எழுதிய சில பத்திகளுக்காக 2009 ஆகஸ்டில் 20 வருஷக் கடுங்காவல். உலகம் கூச்சலிட்டதால் அடுத்த வருஷம் மன்னிப்பு. எவனும் ஜெயித்ததாகத் தெரியவில்லை.

ஆனாலும் இதைப் பாருங்கள். 2009 மே மாதம் இலங்கை அரசாங்கம் சொன்னது, ஒரு சிவிலியன்கூடச் சாகாத கொள்கை எங்களுடையது என்று. 2009 ஆகஸ்டில், கண்ணையும் கையையும் கட்டிச் சுடுகிற அந்த வீடியோ 'சேனல் 4'-இல் வந்தது. அதை வெளியே கொண்டுவந்தது ஊரைவிட்டு ஓடின இலங்கைப் பத்திரிகைக்காரர்களின் ஒரு அமைப்பு. போலி என்றார்கள். 2010 டிசம்பரில், கொழும்பு அமெரிக்கத் தூதர் பட்ரிஷியா ப்யூடெனிஸ் அந்த வருஷம் ஜனவரியில் எழுதிய ரகசியத் தந்தி விக்கிலீக்ஸ் மூலம் வந்தது: குற்றங்களில் பலவற்றுக்குப் பொறுப்பு நாட்டின் உச்சத் தலைமையில் இருக்கிறது என்று, நட்பு நாட்டின் தூதரே உள்ளுக்குள் எழுதியிருந்தார். 2011 ஜூனில் முழு நீளப் படம். 2011 ஆகஸ்டில் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சே ஒரு அறிக்கை போட்டு, சிவிலியன் சாவை முழுக்கத் தவிர்க்க முடியாமற் போயிற்று என்றது. டிசம்பரில் அவர்களே நியமித்த கமிஷனும் சிவிலியன்கள் கணிசமாகச் செத்ததை ஒப்புக்கொண்டது. இரண்டு வருஷத்தில் பூஜ்யம் கணிசம் ஆயிற்று. இந்த நகர்வைச் செய்தது கண்ணீர் அல்ல. ஒரு பொய் நிற்க இடமில்லாமல் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்குவதைத் தேதிவாரியாகப் பார்ப்பது ஒரு அழகியல் அனுபவம் ஆகாதா? நண்பரைத்தான் கேட்கிறேன்.

நம்முடைய சொந்தப் பரம்பரையையும் அவருக்கு நினைவுபடுத்தலாம். பாரதி சம்பளத்துக்குத் தந்தி மொழிபெயர்த்த பத்திரிகைக்காரர். புதுமைப்பித்தன் 'தினமணி' மேஜையில் உட்கார்ந்தவர். 'மணிக்கொடி' 1933-இல் ஆரம்பித்தபோது சிறுகதைப் பத்திரிகை அல்ல, அரசியல் வாரப் பத்திரிகை. இந்த வம்சத்தில் வந்துகொண்டு பத்திரிகைத்தனம் என்று மூக்கைப் பொத்துகிறோம்.

திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாம். வடிவதற்காக ஆறு மாதம் காத்திருந்து பாடிவிட்டுப் போனாராம். ஊர்ப் பெயருக்கே அதுதான் காரணம் என்கிறது ஸ்தலபுராணம். நம் கவிஞர்களும் யுத்தம் வடிந்து கவிதையாகத் தெளியட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஆழ்வாருக்கு ஆறு மாதம் போதுமாயிருந்தது, இவர்களுக்கு 2009-லிருந்து போதவில்லை. இடையில் யாராவது நனைந்துகொண்டு உள்ளே போய் ஆழம் அளந்து வந்து சொன்னால் அவனைப் பார்த்து இது இலக்கியமா என்கிறார்கள்.

இந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் கவிதைக்கு ஒதுக்கும் பக்கங்களில் எட்டை எடுத்து, அந்த இளைஞர் தொகுத்த செம்மணிக் குறிப்புகளை, தேதிகளோடு, ஒரு வரி குறைக்காமல் போடுங்கள். அதற்கடுத்த இதழில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்களின் 2009 டிசம்பர் அறிக்கையிலிருந்து ஒரு பகுதி; இங்கிலீஷிலிருந்து நான் மொழிபெயர்த்துத் தருகிறேன், ப்ரூப்பும் நானே பார்க்கிறேன். சந்தாதாரர்கள் நாலு பேர் விலகலாம். அவர்களுடைய பாக்கிச் சந்தாவை நான் கட்டிவிடுகிறேன்.